சிகிச்சைக் காலத்துச் சமையலறை: ஒரு மறுப்பு

கோயம்புத்தூரிலும் அதைச் சூழ்ந்த கொங்கு நாட்டு ஊர்களிலும், புற்றுநோய்க்குச் சிகிச்சை பெற்றுவரும் ஒரு பெண்மணியைப் பற்றிப் பேச்சு எழுந்தால், நோய் எந்த இடத்தில் கண்டது, எந்த நிலையில் கண்டது என்ற விசாரணை முடிவதற்குள்ளாகவே ஒரு பாராட்டு முந்திக்கொண்டு வந்துவிடுகிறது. "அந்தம்மா மனத்தெம்புக்கு ஈடே இல்லீங்க, கீமோ ஊசி போட்டுட்டு வந்த அன்னிக்குப் பொழுதோடவே அடுப்படியில நின்னு எல்லாத்துக்கும் சோறாக்கிப் போட்டுட்டாங்க" என்று ஒருவர் சொல்ல, சுற்றியிருப்பவர்கள் வியந்து தலையசைக்கிறார்கள். கல்யாண மண்டபத்திலும் பஞ்சாலை வாசலிலும், ஏன், ஆஸ்பத்திரியில் முறை வருவதற்காகக் காத்திருக்கும் பெஞ்சிகளிலுங்கூட, இதே பாராட்டைப் பலர் வாயிலாகக் கேட்டிருக்கிறேன். சொல்கிறவர்கள் நல்லவர்கள், அன்பினால்தான் சொல்கிறார்கள். ஆயினும் இந்த அபிப்பிராயம் நியாயமற்றது என்றும், நோயாளியின் சரீரத்துக்கும் அவளுக்குப் பின்னே வரப்போகும் நோயாளிகளுக்கும் கெடுதல் செய்வது என்றும் நான் உறுதியாக நம்புவதனால், இதை மறுத்து எழுதுவது என் கடமையாகிறது.

முதலில் ஒரு சாதாரணமான பரீட்சையைச் செய்து பார்க்கலாம். அதே தெருவில், புகையிலையால் வாயில் புண் கண்டு அறுவைச் சிகிச்சையும், 'கரண்ட்' என்று ஜனங்கள் சொல்லும் கதிர்வீச்சுச் சிகிச்சையும் எடுத்துக்கொண்டிருக்கும் ஆண்மகன் ஒருவர் இருக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவர் கரண்ட் வைத்துக்கொண்டு வந்த அன்றைக்கே தோட்டத்தில் மடை திருப்பினார் என்றோ, தறிக்குடோனில் இரவு ஷிப்டு பார்த்தார் என்றோ யாராவது மெச்சிப் பேசக் கேட்டதுண்டா? அப்படி அவர் புறப்பட்டால், "சும்மா இருங்க சாமி, உடம்பு மொதல்ல தேறட்டும்" என்று வீடே திரண்டு தடுக்கும். அவருக்குக் கஞ்சியை ஆற்றிக் கொடுக்கவும், குழாய் வழியே ஆகாரம் செலுத்தவும், இரவில் விழித்திருக்கவும் மனைவி இருக்கிறாள். அது யாராலும் வியக்கப்படுவதில்லை. ஆணுக்கு நோய் வந்தால் அவன் நோயாளி ஆகிறான். பெண்ணுக்கு நோய் வந்தால் அவள் தைரியசாலி ஆகிறாள். நோயாளிக்குக் கிடைப்பது ஓய்வு; தைரியசாலிக்குக் கிடைப்பது புகழும், அதனோடு சேர்ந்த கழுவாத பாத்திரங்களும்.

சிகிச்சை என்பது ஆஸ்பத்திரிக்குப் போய் ஊசி போட்டுக்கொண்டு திரும்புவதோடு முடிந்துவிடுகிற காரியம் என்ற எண்ணமே இந்தப் பாராட்டுக்கு அடிப்படை. யதார்த்தம் வேறு. மார்பகப் புற்றுநோய்க்கு வழக்கமாகக் கொடுக்கப்படுவதும், நோயாளிகள் தமக்குள் 'செவப்பு மருந்து' என்று பேசிக்கொள்வதுமான டாக்ஸோரூபிசினை, மூன்று வாரத்துக்கு ஒரு முறை, நரம்பு வழியாக ஏற்றுகிறார்கள். ஏற்றிய அன்று பல பேருக்கு ஒன்றும் தெரிவதில்லை; குமட்டலைத் தடுக்கும் மருந்தும் அதனோடு கொடுக்கப்படும் ஸ்டீராய்டும் உடம்பைத் தாங்கிப் பிடித்திருக்கின்றன. ஊர் வியக்கும் அந்த 'அன்னிக்கே சோறாக்கினது' இந்த முதல் நாள் சமாசாரந்தான். மூன்றாம் நாள், ஸ்டீராய்டின் தாங்குதல் நின்ற பிறகு, கை கால்கள் ஈயமாய்க் கனக்க, வாயெல்லாம் இரும்பு ருசியாக இருக்க, அவள் எழுந்து நிற்பதே பிரயாசையாகிறது. ஏழாம் நாளிலிருந்து ஏறக்குறைய பதினான்காம் நாள் வரையில் ரத்தத்தில் வெள்ளை அணுக்கள் மிகத் தாழ்ந்த நிலைக்கு வருகின்றன. அப்போது 100.4 டிகிரிக் காய்ச்சல் கண்டால் விடியட்டும் என்று காத்திராமல் அந்த க்ஷணமே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும் என்று டாக்டர்கள் எச்சரிக்கிறார்கள். ஆனால் அதற்குள் வீடு அவளை 'தேறிவிட்டவள்' என்று தீர்மானித்து, மாட்டுக் கொட்டத்தையும் சளி பிடித்த பேரக்குழந்தையையும் அவளிடமே திரும்ப ஒப்படைத்திருக்கும்.

எனக்கு உறவான ஒரு பெண்மணியின் வீட்டில் நான் நேரில் கண்டது இது. நாலாம் நாள் காலை. அரிசிம்பருப்புச் சாதத்துக்குத் தாளிக்க வேண்டும். எண்ணெய் காய்ந்து கடுகு வெடித்து, பூண்டும் சின்ன வெங்காயமும் வதங்கும் அந்த மணம், நமக்கெல்லாம் பசியைக் கிளப்புகிற அதே மணம், அவருக்குக் குடலைப் பிரட்டியது. சேலைத் தலைப்பை மூக்கின்மேல் இறுகச் சுற்றி முடிந்துகொண்டு, முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பி, கரண்டியை மட்டும் வாணலிக்குள் விட்டுக் கிளறிக்கொண்டிருந்தார். இரண்டு தடவை அடுப்பைத் தணித்துவிட்டுப் புழக்கடைக்குப் போய் வந்தார். கூடத்தில் நாற்காலியில் உட்கார்ந்து பத்திரிகை படித்துக்கொண்டிருந்த மூன்று ஆண்களில் ஒருவருக்காவது அந்த நடை எதற்காக என்று கேட்கத் தோன்றவில்லை. அன்று சாப்பிடும்போது, "அம்மா கைப்பக்குவம் மாறவே இல்லை" என்று மகன் மனமாரச் சொன்னான். அவனைக் கொடியவன் என்று நான் சொல்லமாட்டேன். பார்க்கக் கற்பிக்கப்படாதவன் அவன். நம்முடைய பாராட்டுத்தான் அவனுக்கு அப்படிக் கற்பித்திருக்கிறது.

சில காலம் கழித்து மருந்து மாறும். பாக்ளிடாக்ஸெல் என்ற மருந்து விரல் நுனிகளிலும் பாதங்களிலும் மரத்துப்போகும் தன்மையை உண்டாக்கக்கூடியது. சின்ன வெங்காயம் உரிக்கும் விரலில் கத்தி பட்டதும் தெரியாது. குக்கரின் சூடும் உறைக்காது. கக்கத்து நெறிக்கட்டிகளை எடுத்துவிட்ட கையிலோ இன்னொரு சங்கடம் உண்டு: நிணநீர் வடிவதற்கான பாதை குறைந்துவிடுவதனால், ஒரு சிறு வெட்டுக் காயமோ எண்ணெய் தெறித்த கொப்புளமோ சீழ்பிடித்து, கை முழுவதும் வீங்கிவிடக்கூடும். அந்தக் கையை அடியோடு அசைக்காமல் வைத்திருப்பதும் தவறுதான். சொல்லிக்கொடுத்த பயிற்சியைப் படிப்படியாகச் செய்து அதற்குப் பலம் ஏற்ற வேண்டும் என்பதே மருத்துவர் சொல்வது. ஆனால் நல்ல தண்ணீர் தினந்தோறும் வராத நம் தெருக்களில், தண்ணீர் வந்துவிட்டது என்ற சத்தம் கேட்டதும் ஓடிப்போய், பதினைந்து கிலோ கனக்கும் குடத்தை அந்த இடுப்பிலும் அந்தக் கையிலுமே தூக்கிவருவது எந்தப் பயிற்சியிலும் சேர்ந்ததல்ல.

மாவாட்டும் கல்லையும் இங்கே பிரஸ்தாபிக்காமல் இருக்க முடியவில்லை. 1955-ல் சபாபதி என்பவர் மின்சாரத்தால் ஓடும் கிரைண்டரைச் செய்து கொடுத்தது இந்தக் கோயம்புத்தூரிலேதான். இன்றைக்கு அதற்குப் புவிசார் குறியீடும் உண்டு. ஆட்டுக்கல்லின் முன்னே குந்தியிருந்து தோள் கழலக் குழவியைச் சுற்றிய தலைமுறைக்கு அது பெரிய விமோசனம் என்பதை நான் மனப்பூர்வமாக ஒப்புக்கொள்கிறேன். பெண்களின் பாரம் பிரம்மா எழுதியதன்று, மனிதப் பிரயத்தனத்தால் மாற்றக்கூடியதே என்பதற்கு இதைவிட வேறு அத்தாட்சி இந்த ஊருக்குத் தேவையில்லை. ஆனால் கருவி மாறியதே தவிர ஆள் மாறவில்லை. கிரைண்டர் கல்லைத் தூக்கிக் கழுவி, மாவை வழித்து, மறுபடி பொருத்துகிறவள் அவளேதான். அறுபது வருஷத்துக்கு மேலாக அந்த யந்திரத்தை உற்பத்தி செய்தும், விற்றும், பழுதுபார்த்தும் வருகிற ஆண்களுக்கு, சொந்த வீட்டில் வாரத்துக்கு இரண்டு தடவை அதில் மாவாட்டி எடுக்கத் தெரியாது என்று சொன்னால் அதை யார் நம்புவது?

இங்கே எதிர்த்தரப்பார் ஓர் ஆக்ஷேபணை எழுப்புவார்கள், அது லேசானதல்ல. "படுத்தே கிடக்கக் கூடாது, நடமாடிக்கொண்டிருங்கள் என்று டாக்டரே சொல்கிறாரே, சும்மா உட்கார்ந்திருந்தால் மனசு நோயையே நினைத்துக்கொண்டிருக்காதா?" என்பது அது. டாக்டர் சொல்வது மெய்யே. புற்றுநோய்ச் சிகிச்சையினால் வரும் களைப்பு, ஒரு தூக்கம் போட்டால் தீருகிற களைப்பன்று. படுக்கையிலேயே கிடந்தால் அது அதிகரிக்கிறது. இயன்ற அளவு நடப்பதும் இலேசான தேகப்பயிற்சியும் அதைக் குறைக்கின்றன என்பது இன்று வைத்தியர்கள் பொதுவாக ஏற்றுக்கொண்ட விஷயம். பெண்களிலே பலர் தாமே விரும்பி ஏதேனும் ஒரு வேலையைக் கையில் எடுத்துக்கொள்வதையும் நான் அறிவேன். நோய் தொற்றிக்கொள்ளுமோ என்ற மூட பயத்தினால் தட்டையும் டம்ளரையும் தனியாக வைத்து, அவளை அடுப்படிப் பக்கமே வரவிடாமல் ஒதுக்குகிற வீடுகளும் இல்லாமலில்லை. அது ஈனமான செய்கை. புற்றுநோய் ஒருவரிடமிருந்து ஒருவருக்குத் தொற்றுவதே இல்லை. ஆகவே நோயாளியைச் சமையலறைக்குள் நுழையவிடாதீர்கள் என்பதல்ல என் வாதம். சாயங்காலம் பக்கத்துத் தெரு வரையில் காலாற நடந்து வருவதை, முடியாத போது அவள் பாதியிலேயே நிறுத்திவிடலாம். ஐந்து பேர் சாப்பாட்டைப் பாதியில் நிறுத்த முடியுமா? அவள் நிறுத்தினால் யாரும் பட்டினி கிடக்கமாட்டார்கள், யாரும் முகம் சுளிக்கமாட்டார்கள் என்கிற ஏற்பாடு வீட்டில் இருந்தால், அவள் செய்வது தேகப்பயிற்சி, மனமகிழ்ச்சி, இன்னும் எந்த நல்ல பெயர் வேண்டுமானாலும் பெறத்தக்கது. அந்த ஏற்பாடு இல்லாத இடத்தில் டாக்டரின் வாக்கியத்தைத் துணைக்கு அழைப்பது, அந்த டாக்டருக்கே செய்கிற அநியாயம். வேலையிலேயே சிலவற்றை வெறுங்கையால் தொடவே கூடாது என்றும் சொல்லியிருக்கிறார்களே, அதையும் நினைவில் வைத்திருக்க வேண்டாமா? உதாரணமாக, மருந்து ஏற்றிய பின் இரண்டு நாள் வரையில் அதன் அம்சம் சரீரக் கழிவுகளில் வெளியேறுகிறபடியால், கக்கூஸைக் கழுவுகிறவரும் படுக்கைத் துணியைத் துவைக்கிறவரும் கையுறை போட்டுக்கொள்ள வேண்டும் என்பது ஆஸ்பத்திரிகளின் எச்சரிக்கை. எத்தனை வீடுகளில் நோயாளியே வெறுங்கையால் அந்தக் காரியத்தையும் செய்துகொண்டிருக்கிறாள்!

இனி, தைரியமே குணப்படுத்துகிறது என்ற நம்பிக்கை. நோயாளிக்கு மன நிம்மதி வேண்டும், அது அவள் அனுபவிக்கும் நாட்களை நல்ல நாட்களாக்கும். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் மனத்தெம்பு கட்டியைக் கரைக்கும் என்பதற்கு ஆதாரம் கிடையாது. தலை, கழுத்துப் பகுதிப் புற்றுநோயுள்ள 1,093 பேரைப் பற்றி அமெரிக்காவில் ஜேம்ஸ் கோயின் என்ற மனவியல் அறிஞரும் அவரது சகாக்களும் ஆராய்ந்து 2007-ல் வெளியிட்ட முடிவு, நோயாளியின் மனநிலைக்கும் அவர் உயிர் வாழ்ந்த காலத்துக்கும் தொடர்பு காணப்படவில்லை என்பதே. தாமே மார்பகப் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெற்ற எழுத்தாளர் சூசன் சோண்டாக், நோயை நோயாளியின் குணத்தோடு முடிச்சுப் போடுவது கடைசியில் நோயாளியின் தலையிலேயே பழியைச் சுமத்துவதாகும் என்று 1978-லேயே ஒரு நூல் முழுவதும் வாதாடினார். தைரியத்தால் பிழைத்தாள் என்று ஒருத்தியைப் புகழ்ந்த மாத்திரத்தில், இறந்துபோனவளுக்குத் தைரியம் போதவில்லை என்று சொன்னதாக ஆகிவிடுகிறது. இரண்டு பிள்ளைகளை விட்டுவிட்டுப் போன ஒரு தாயைக் குறித்து அப்படி நினைக்க நமக்கு என்ன அதிகாரம்?

இந்தப் பாராட்டின் தீமை சிகிச்சை பெறுகிறவளோடு நிற்பதில்லை. தம் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அவர்கள், பல வருஷங்கள் போராடி, 1954-ல் சென்னை அடையாற்றில் புற்றுநோய் ஆஸ்பத்திரியைத் திறந்த நாள் தொட்டு, பின்னர் அங்கேயே தம் வாழ்நாளைச் செலவிட்ட டாக்டர் சாந்தா அவர்கள் 2021-ல் மறையும் வரையில், அந்த ஸ்தாபனம் ஓயாமல் சொல்லிவந்த செய்தி, இந்த நோயை ஆரம்பத்திலேயே கண்டுகொண்டால் குணப்படுத்தலாம் என்பதே. நம் பெண்கள் ஏன் காலங்கடந்து வருகிறார்கள்? பயமும் கூச்சமும் பணமும் காரணங்கள். ஆனால், "மஞ்சக்காடு வெட்டி முடியட்டும்", "புள்ளைக்குப் பரீட்சை போகட்டும்", "ஊட்டுல ஒறம்பரை இருக்காங்க" என்று தள்ளிப்போடுவதும் அவற்றோடு சேர்ந்ததே. தன் சரீரத்தின் அழைப்பைக் கடைசியாகவும் வீட்டின் அழைப்பை முதலாகவும் கேட்க வேண்டும் என்று ஒருத்தி எங்கே கற்கிறாள்? ஊசி போட்டுக்கொண்டு வந்து சோறாக்கியவளை ஊர் புகழ்வதைக் கேட்டுத்தான். மார்பில் தட்டுப்படும் கட்டியைப் பற்றி வாய் திறந்தால், தான் அத்தனை திடமில்லாதவள் என்று ஆகிவிடுமோ என்று அஞ்சி அவள் மௌனமாக இருக்கிறாள்.

உறம்பரை, அதாவது விருந்தாளிகள், என்றதும் நினைவுக்கு வருகிறது. கொங்கு நாட்டில் விருந்தோம்பல் பெயர்பெற்ற தர்மம். அதில் எனக்கும் பெருமை உண்டு. ஆனால் நோயாளியைப் 'பாத்துட்டுப் போலாம்னு' ஞாயிற்றுக்கிழமை தோறும் ஆப்பிளும் ஹார்லிக்ஸும் வாங்கிக்கொண்டு காரில் வந்து இறங்குகிறவர்களுக்கு, அந்த நோயாளியே எழுந்து காப்பி கலந்து கொடுக்கிற காட்சியை நாம் சகஜமாக ஏற்றுக்கொண்டிருக்கிறோம். வந்தவர்கள் இரண்டு மணி நேரம் இருந்து, தங்களுக்குத் தெரிந்த இன்னொரு கேன்சர் கதையையும் சொல்லிவிட்டு, "நல்லாத்தான் இருக்கறீங்க, ஒண்ணுமே தெரியல" என்று வாழ்த்திவிட்டுப் போகிறார்கள். பார்க்க வருகிறவர் ஒரு வேளைச் சாப்பாட்டைத் தூக்குப்போசியில் கொண்டுவந்து வைத்து, முந்தின நாள் பாத்திரத்தைத் தேய்த்துக் கவிழ்த்துவிட்டு, கால் மணி நேரத்தில் புறப்பட்டால் எத்தனை உபகாரமாயிருக்கும்! வெள்ளை அணு குறைந்திருக்கிற வாரத்தில் வராமலே இருப்பது அதனினும் பெரிய உபகாரம்.

"அவள் செய்யாவிட்டால் வீடு எப்படி நடக்கும்?" என்பது கடைசி அரண். அவள் ஒருத்தி மேலேயே வீடு நின்றுகொண்டிருந்தது என்ற ஒப்புதல் வாக்குமூலம் அது; அவளே தொடர வேண்டும் என்பதற்கு நியாயம் ஆகாது. மத்திய அரசாங்கம் 2019-ல் நடத்திய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், ஆறு வயதுக்கு மேற்பட்ட பெண்களில் நூற்றுக்கு 81 பேர் வீட்டு வேலை செய்வதாகவும், ஆண்களில் 26 பேர்தான் செய்வதாகவும் தெரியவந்தது. அப்படிச் செய்கிறவர்களிலும் பெண்ணுக்கு நாளொன்றுக்கு 299 நிமிஷம், ஆணுக்கு 97 நிமிஷம். விபத்தில் இறந்த ஒரு குடும்பத் தலைவிக்கு நஷ்டஈடு கணக்கிடும் வழக்கில், 2021 ஜனவரியில், சுப்ரீம் கோர்ட்டு நீதிபதி ரமணா இதே கணக்கை எடுத்துக்காட்டி, வீட்டு வேலைக்குப் பொருளாதார மதிப்பு உண்டு என்று எழுதினார். குடும்பத்தை நிர்வகித்த மனைவியின் உழைப்பும் கணவன் வாங்கிய சொத்தில் அடங்கியிருக்கிறது, அதில் அவளுக்குப் பங்குண்டு என்று சென்னை உயர் நீதிமன்றம் 2023-ல் தீர்ப்பளித்தது. செத்த பிறகு கோர்ட்டில் மதிப்புப் பெறுகிற உழைப்பை, உயிரோடு அவள் நோயில் விழுந்திருக்கும்போது கைமாற்றிக்கொள்ள நாம் ஏன் தயங்க வேண்டும்?

காசுள்ள வீடுகளைப் பற்றி இன்னும் கடுமையாகவே சொல்லத் தோன்றுகிறது. சிகிச்சைக்காகக் காட்டை அடமானம் வைக்கிறார்கள், நகையை விற்கிறார்கள், சென்னைக்கும் மும்பைக்கும் அழைத்துப்போய் இரண்டாம் அபிப்பிராயம் கேட்கிறார்கள். அந்தப் பாசம் மெய்யானது. ஆனால் ஆறு மாதத்துக்குச் சமையலுக்கு ஓர் ஆளை வைக்கலாமே என்றால், "ஊட்டு ஆளு இருக்கையில வெளியாளு சமைச்சா ஆகுமா?" என்கிறார்கள். சமையலாள் சம்பளமும் மருந்துச் செலவைச் சேர்ந்ததே என்று அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை. வேறு சில வீடுகளில் வேலை கைமாறுகிறது. ஆனால் பிளஸ் டூ படிக்கும் மகளின் கைக்கோ, முழங்கால் தேய்ந்த மாமியாரின் கைக்கோ மாறுகிறது. கல்லூரி முடித்த மகன் அதே கூடத்தில் செல்போனோடு உட்கார்ந்திருக்கிறான். பெண்ணிடமிருந்து பெண்ணுக்கே தள்ளிவிடுவதைப் பகிர்வு என்று நான் ஒப்பமாட்டேன். சந்தகை பிழியவும், ரசம் வைக்கவும், துணி அலசவும் ஆண்மகனுக்கு ஒரு மாதப் பழக்கம் போதும்; கல்யாணப் பந்திகளில் ஆயிரம் பேருக்குச் சமைக்கிறவர்கள் ஆண்கள்தாமே?

கைமாற்றிக்கொள்ள வேறு ஆளே இல்லாத பெண்கள் இருக்கிறார்கள். அவர்களை நினைக்கும்போதுதான் நெஞ்சு அதிகம் கனக்கிறது. பல்லடத்திலோ சோமனூரிலோ தறிக்குடோன் கூலியில் பிழைக்கும் கைம்பெண் ஒருத்தி, வாரத்தில் ஐந்து நாள், மூன்று முதல் ஐந்து வாரம் வரையில், கரண்ட் வைப்பதற்காகச் சிங்காநல்லூரில் பஸ் இறங்கித் திருச்சி சாலை அரசு ஆஸ்பத்திரிக்குப் போய் வர வேண்டும் என்றால், விடியுமுன் எழுந்து குழந்தைகளுக்கு ஆக்கி வைத்துவிட்டுத்தான் அவள் பஸ் ஏற முடியும். சிகிச்சை இலவசம், அடுப்பு யார் பொறுப்பு? இங்கே உபதேசம் பயன்படாது, ஏற்பாடு வேண்டும். சர்க்காரால் முடியாததல்ல இது. அரசு ஆரம்பப் பள்ளிக் குழந்தைகளுக்குக் காலை உணவு கொடுக்கும் திட்டத்தை 2022-ல் தொடங்கியபோது, எத்தனையோ தாய்மாரின் விடியற்காலைப் பாரம் ஒரு படி இறங்கிற்று. நோய்ப்பட்டவர்களின் வீடு தேடிச் செல்லும் மருத்துவ ஊழியர்களும் 2021 முதல் கிராமங்களில் இருக்கிறார்கள். இவற்றோடு, கீமோவோ கரண்டோ நடக்கிற மாதங்களில் அந்த வீட்டுக்கு ஒரு வேளைச் சாப்பாடு போய்ச் சேரும்படி மகளிர் சுய உதவிக் குழுக்களைக் கொண்டு ஏற்பாடு செய்வது நடக்கக்கூடிய காரியமே.

ஆஸ்பத்திரிகளிடமும் ஒரு கோரிக்கை உண்டு. முதல் நாள் ஃபைல் போடும்போது எடை, உயரம், ரத்த அழுத்தம், காப்பீட்டு அட்டை எல்லாவற்றையும் கேட்கிறீர்கள். "உங்கள் வீட்டில் சமைப்பது யார்? தண்ணீர் பிடிப்பது யார்? இந்த ஆறு மாதம் அதைச் செய்யப்போவது யார்?" என்ற மூன்று கேள்விகளையும், நோயாளியைத் தனியே கேளாமல், கூட வந்திருக்கும் கணவனையும் மகனையும் உட்காரவைத்துக் கேளுங்கள், பதிலை அந்த ஃபைலிலேயே எழுதுங்கள். டாக்டர் வாயால் வருகிற வார்த்தைக்கு இந்தச் சீமையில் இருக்கிற மரியாதை, என்னைப் போன்றவர்கள் எழுதுகிற எந்தக் கட்டுரைக்கும் இல்லை.

சிகிச்சை முடிந்த பிற்பாடும் இந்த விசாரணை தொடர வேண்டும். கடைசி ஊசி போட்ட மறுவாரமே, "அதான் எல்லாம் முடிஞ்சுதே" என்று குடமும் கிரைண்டரும் விருந்தும் பழைய இடத்துக்கே திரும்பிவிடுகின்றன. முடி முளைப்பது கண்ணுக்குத் தெரிகிறது. மாதக்கணக்கில் நீடிக்கும் களைப்பும், மரத்துப்போன பாதமும் தெரிவதில்லை. ஹார்மோன் மாத்திரை எழுதிக்கொடுக்கப்பட்டவர்கள் அதைக் குறைந்தது ஐந்து வருஷம் விழுங்க வேண்டும். அறுவைச் சிகிச்சை நடந்த கையைக் காயம் படாமல் காக்க வேண்டியது ஆயுள் பூராவும். ஆகையால் சிகிச்சைக்காலத்தில் மகன் கற்ற சமையலையும், கணவர் ஏற்ற தண்ணீர்க் குடத்தையும் அவர்களே வைத்துக்கொள்ளட்டும். திருப்பிக் கொடு என்று அவளாகக் கேட்கிற வேலையை மட்டும், அவள் கேட்கிற அளவுக்கு, அவளிடம் கொடுத்தால் போதும்.